புகைபோக்கிக்கு எந்த மூடி போடலாம்?

வணக்கம். வேல்ஸ் மலைப்பக்கம் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். கூடத்தில் விறகு எரிக்கும் திறந்த கணப்பு. காற்று பலமாக அடித்தால் புகை மேலே போகாமல் கூடத்துக்கே திரும்பி வருகிறது, சோபாவெல்லாம் கரிவாடை. மழை வந்தால் சாம்பல் சேறாகிறது.

சுத்தம் செய்ய வந்தவர் உள்ளேயிருந்து ஒரு கூடை சுள்ளி எடுத்தார். ஜாக்டா என்கிற சின்னக் காக்கை கட்டிய கூடாம்! கம்பிவலை வைத்த மூடி போட்டால் பறவையும் வராது, மழையும் குறையும் என்கிறார். ஆனால் வலைக்கண்ணைப் புகைக்கரி அடைத்துவிடாதா? காற்றில் சுழலும் வகைதான் புகை திரும்புவதைத் தடுக்குமாம். விறகுச் சூட்டை அது தாங்குமா? ராத்திரியில் கிரீச்சிடுமா?

போட்டிருப்பவர்கள் சொல்லுங்கள். வசந்தத்துக்குள் மாட்டியாக வேண்டும். அவை மறுபடி கூடு கட்டத் தொடங்கிவிட்டால் கலைக்கச் சட்டம் விடாது.