பூனையை வீட்டுக்குள் அடைக்கச் சொல்வது அரசின் வேலையா?

முரளி: ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனை எதுவும் வீட்டு எல்லையைத் தாண்டித் திரியக் கூடாது. வார் கட்டி வேண்டுமானால் கூட்டிப்போகலாம். போன மாதம் ஒரு குட்டி எடுத்து வந்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. நாங்கள் இருப்பது வாடகை வீடு. பின்கட்டில் கம்பிவலை அடிக்கலாம் என்றால், ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர். குட்டி நாள் முழுக்கக் கண்ணாடிக் கதவைப் பிறாண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. என் வீட்டுக் கதவை நான் எப்போது திறக்கலாம் என்பதில் அரசுக்கு என்ன வேலை? இது அத்துமீறல்தான்.

மஞ்சுளா: தம்பி, ஒருநாள் சாயங்காலம் மல்லிகன்ஸ் ஃபிளாட் காட்டுக்குப் போய்வாருங்கள். சிவப்பு விளக்கோடு கூட்டிப்போவார்கள். அங்கே பெட்டாங் இருக்கிறது. முயல் அளவே உள்ள, வயிற்றில் பை கொண்ட விலங்கு. காய்ந்த புல்லை வாலால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கூடு கட்ட ஓடும். நான் பார்த்தபோது பாதிப் புல் கீழே விழ, திரும்பி வந்து பொறுக்கிக்கொண்டு போனது. ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் அந்த இனம் அற்றுப்போய், டாஸ்மேனியாவில் மட்டும்தான் மிஞ்சியது. அங்கிருந்து கொண்டுவந்து 2012-இல் இங்கே விட்டார்கள். அதற்கு முன்னால் பூனையும் நரியும் நுழையாதபடி 11 கிலோமீட்டருக்கு மேல் வேலி போடவேண்டியிருந்தது. வேலிக்கு வெளியே இருக்கும் பிராணிகளுக்கு யார் காவல்?

சேலத்துக்காரன்: என் அனுபவத்தைச் சொல்கிறேன். 2020 டிசம்பர் 2, இங்குள்ள மனுக்கா கிரிக்கெட் மைதானம். நம் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு முதல் ஒருநாள் ஆட்டம். ஆஸ்திரேலியாவின் லபுஷேனை போல்டாக்கிய பந்தை நேரில் பார்த்தேன். இந்தியா 13 ரன்னில் ஜெயித்தது. தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தால், வாசல் மிதியடியில் மரத்தில் வாழும் பைவிலங்கான போஸத்தின் குட்டி ஒன்று செத்துக் கிடக்கிறது. தாயின் முதுகில் தொற்றிக்கொண்டு திரியும் வயது. வால் நுனி மட்டும் வெள்ளை. பக்கத்திலேயே எங்கள் பூனை, வீட்டில் வயிறாரத் தின்றுவிட்டுப் போனதுதான், என்னைப் பார்த்துக் காலை உரசுகிறது. பசிக்காக அது கொல்லவில்லை. மறுநாளிலிருந்து அதை வெளியே விடவில்லை. அப்போது எங்கள் பகுதியில் இந்தச் சட்டம் கிடையாது.

முரளி: அண்ணா, அது நீங்களாக எடுத்த முடிவு. நான் கேட்பதும் அதைத்தான். அதே ஆட்டத்துக்கு, கொரோனா என்று சொல்லி எத்தனை பேர் உட்காரலாம் என்பதை அரசு தீர்மானித்தது. சரி, உயிர் விஷயம் என்று கேட்டோம். அது முடிந்தும் போனது. இந்தச் சட்டத்துக்கு முடிவே இல்லையே. இன்னொன்று. கான்பெராவின் வடக்கே கங்காலின் பகுதியில் புல்வெளியையும் மரங்களையும் அழித்து மனை போட்டு விற்றது யார்? பெட்டாங் வாழ்ந்த மண்ணை விற்ற கை, என் பூனைமேல் பழி போடுகிறது.

மஞ்சுளா: மனை விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் காடு சுருங்கிவிட்டது என்பதற்காக மிச்சமிருப்பதையும் பூனைக்கு விட்டுவிட முடியுமா? உங்கள் வேலிக்குள் உங்கள் உரிமை சரி. பூனை தாண்டிக் குதிக்கும் அடுத்த வேலி உங்களுடையது இல்லையே. அவரவர் மனசுக்கு விட்டால், சேலத்துத் தம்பி மாதிரி ஒருவர் அடைப்பார், பத்துப் பேர் திறந்துவிடுவார்கள். அப்புறம், வாடகைக்காரர் கூண்டு வைப்பதை வீட்டுக்காரர் தடுக்கக் கூடாது என்று ஒரு விதி வந்தால், மனுவில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

முரளி: சட்டம் பற்றி என் எண்ணம் மாறவில்லை அக்கா. இவ்வளவு பெரிய கட்டளை போடுகிறவர்கள் வாடகைக்காரனை முதலில் நினைத்திருக்க வேண்டும். அந்த மனுவை இன்று ராத்திரியே எழுதுகிறேன். அண்ணா, ஆணி அடிக்காமல் தானே நிற்கிற கூண்டு ஏதும் உங்களிடம் இருக்கிறதா? குட்டி இன்னும் கதவைப் பிறாண்டிக்கொண்டுதான் இருக்கிறது.

சேலத்துக்காரன்: இருக்கிறது. மடக்குக் கூண்டு, ஆள் உயரம். சனிக்கிழமை வண்டியில் ஏற்றி வருகிறேன்.