அயனாக்கத்தக்க கொழுமியமா, மின்னேறு கொழுமியமா?

அன்புடையீர், வணக்கம்.

தடுப்பூசித் துறைச் சொற்களைத் தமிழாக்கும் நம் உரையாடலில், தூது ஆர்.என்.ஏ. (mRNA) என்ற சொல்லில் நமக்குள் இனிப் பிணக்கு இல்லை என்றே கொள்கிறேன். இடறுவது, அந்தத் தூதைச் சுமக்கும் கொழுமிய (lipid, கொழுப்புவகைப் பொருள்) நானோதுகளின் ஒரு கூறு. ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளில் அத்துகள் நால்வகைக் கொழுமியங்களால் ஆனது. அவற்றில் கொலஸ்டிரால் உள்ளிட்ட மூன்றின் பெயர்களில் சிக்கல் இல்லை. நான்காவதற்கு முன்மொழியப்பட்ட ‘அயனாக்கத்தக்க கொழுமியம்’ (ionizable lipid) பிழையன்று. ஆயினும் ‘ஆக்க’ என்றதும் வேறு யாரோ அதை அயனாக்குவதுபோல் ஒலிக்கிறது.

நடப்பதைப் பாருங்கள். எத்தனாலில் கரைந்த கொழுமியங்களை, பி.எச். 4 அளவிலான அமிலக் கரைசலில் உள்ள ஆர்.என்.ஏ.வோடு வேகமாகக் கலக்கும்போது, இக்கொழுமியம் புரோட்டானை ஏற்று நேர்மின் பெறுகிறது. பாஸ்பேட்டுகளால் எதிர்மின் கொண்ட ஆர்.என்.ஏ. அதனோடு ஒட்டித் துகளுக்குள் அடங்குகிறது. கரைசலை நடுநிலைக்குக் கொண்டுவந்ததும் ஏறிய மின் இறங்கிவிடுகிறது, பி.எச். 7.4 கொண்ட குருதியிலும் துகள் ஏறத்தாழ மின்னற்றே இருக்கும். எப்போதும் நேர்மின்னோடு இருந்த பழைய கொழுமியங்கள் உயிரணுக்களுக்கு நஞ்சாக அமைந்ததால் வந்த ஏற்பாடு இது. பின்னர் உயிரணு துகளைச் சவ்வுப்பை ஒன்றுக்குள் விழுங்கி, அந்தப் பை அமிலமாக ஆக, மீண்டும் மின் ஏறுகிறது. அது பையின் எதிர்மின் கொழுமியங்களோடு பிணைந்து சவ்வைக் குலைக்க, தூது சைட்டோபிளாசத்துக்குள் இறங்குகிறது. விழுங்கியதில் சிறு பங்கே இப்படித் தப்புகிறது என்பது வேறு கதை.

ஆலையில் ஏறியது, குருதியில் இறங்கியது, உயிரணுவுக்குள் மறுபடி ஏறுவது: இதற்கு வினைத்தொகையை விடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தோன்றவில்லை. ஊறுகாய் ஊறிய காயும் ஊறுகின்ற காயும் ஊறும் காயும் ஆவதுபோல், ‘மின்னேறு கொழுமியம்’ முக்காலத்தையும் தாங்கும். நிலையாக மின் கொண்டவற்றை ‘நேர்மின் கொழுமியம்’ எனத் தனியே வைத்துக்கொள்ளலாம். வினைத்தொகையில் வலி மிகாது என்பதால், ‘மின்னேறுக் கொழுமியம்’ என்று எழுதிவிட வேண்டாம்.

இன்னொரு வசதியும் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூலில் அயனி, மின்னூட்டம். இலங்கைப் பாடநூலில் அயன், ஏற்றம். ‘மின்னேறு’ இரு சாராருக்கும் விளக்கமின்றிப் புரியும். ‘ஏறு’ காளையையும் குறிக்கும் என்பதால், இடியேறு நினைவுக்கு வந்து காளையைத் தேடுவோர் ஓரிருவர் இருக்கலாம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இக்கொழுமிய மூலக்கூறுகளில் பாதியில் மின் ஏறியிருக்கும் பி.எச். அளவுக்கும் ஒரு பெயர் வேண்டும். தடுப்பூசி வடிவமைப்போர் அதைப் பெரும்பாலும் 6-க்கும் 7-க்கும் இடையில் அமைக்கிறார்கள். ‘மின்னேறு நிலை’ என்று எழுதிப் பார்த்தேன். ‘பாதி’ என்ற பொருள் அதில் விடுபடுகிறது. உங்கள் பரிந்துரையை எழுதுங்கள்.