புதியவர்களுக்கான ரீட்மீ: நிறுவும் இடத்திலேயே ஆட்கள் நின்றுவிடுகிறார்கள், எதை மாற்றலாம்?

நிரல்முனை:
வணக்கம். பைத்தானில் எழுதிய சிறிய கட்டளைவரிக் கருவி. புகைப்படங்களுக்கு அவை எடுக்கப்பட்ட தேதியை வைத்துப் புதுப்பெயர் இடும். ரீட்மீயில் (கருவியோடு வரும் அறிமுகக் கோப்பு) இப்போது ஒரு வரி அறிமுகம், ஒரு பிப் இன்ஸ்டால் கட்டளை (பைத்தான் பேக்கேஜ்களை நிறுவுவது), அப்புறம் நீளமான ஆப்ஷன் அட்டவணை. வரும் இஷ்யூக்களில் (பயனர்கள் பதியும் புகார்கள்) பாதிக்கு மேல் "இன்ஸ்டால் ஆகவில்லை" என்பதுதான். டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) என்றால் என்ன என்பதிலிருந்தே எழுத வேண்டுமா? ஸ்கிரீன்ஷாட் போட்டால் உதவுமா?

பிழைதேடி:
அந்த அட்டவணையை முதலில் வேறு பக்கத்துக்குத் தள்ளுங்கள். டியாடாக்ஸிஸ் முறையில் ஆவணங்களை நான்காகப் பிரிப்பார்கள்: பயிற்சி, செய்முறை, உசாத்துணை, விளக்கம். உங்களிடம் உசாத்துணை மட்டும் இருக்கிறது. புதிதாக வருபவர் தேடுவது பயிற்சியை. ஒரே ஒரு படத்தின் பெயர் மாறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் மீதியை அவரே தேடிப் படிப்பார்.

இன்ஸ்டால் சிக்கலுக்கு வருவோம். டெபியன் 12, உபுண்டு 23.04, அவற்றுக்குப் பின் வந்தவை எதிலும் சிஸ்டத்தோடு வரும் பைத்தானில் வெறும் பிப் இன்ஸ்டால் ஓடாது. "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்" என்று பிழை வரும். சிஸ்டத்தின் சொந்த நிரல்களும் அதே பைத்தானை நம்பியிருப்பதால் போட்ட பூட்டு அது. அதை மீறும் வழியும் பிழைச்செய்தியிலேயே இருக்கிறது. புதியவர் அதைத்தான் காப்பி செய்வார். எனவே ரீட்மீயில் பிப்எக்ஸ் கட்டளையைக் கொடுங்கள். கருவி தனக்கென ஒரு தனிச்சூழலில் போய் உட்காரும். அடுத்து பிப்எக்ஸ் என்ஷ்யூர்பாத் (டெர்மினல் கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத்தில் கருவியின் இடத்தைச் சேர்ப்பது), அதன்பின் டெர்மினலை மூடித் திறக்கச் சொல்லும் ஒரு வரி. இந்த வரியை விட்டால் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" இஷ்யூக்கள் வரிசையாக வரும்.

விண்டோஸ் தனிக்கதை. பைத்தான் 3.13 வரையிலான நிறுவியின் முதல் திரையில், அடியில், பாத்தில் சேர்க்கும் கட்டம் டிக் இல்லாமல்தான் இருக்கும். ஸ்கிரீன்ஷாட் தேவைப்படும் ஒரே இடம் இது.

மூலநிரல்:
டெர்மினல் வெளியீட்டை மட்டும் படமாகப் போடாதீர்கள். தேட முடியாது, காப்பி செய்ய முடியாது, ஸ்கிரீன்ரீடர் வாசிக்காது. எழுத்தாகவே ஒட்டுங்கள். ஒவ்வொரு கட்டளைக்குக் கீழும் "இப்படி வந்தால் சரி" என்று அதன் வெளியீட்டையும் காட்டுங்கள். இல்லாவிட்டால் எந்தப் படியில் தவறியது என்றே படிப்பவருக்குத் தெரியாது.

கட்டளையின் முன்னால் டாலர் குறி வேண்டாம். அதையும் சேர்த்து ஒட்டிவிடுவார்கள். கோணக்குறிக்குள் 'கோப்புறை பெயர்' என்று எழுதும் பழக்கம் அதைவிட மோசம்: பாஷ் ஷெல்லுக்கு (டெர்மினலில் கட்டளைகளை வாசிக்கும் நிரல்) அவை உள்ளீடு, வெளியீடு திருப்பும் குறிகள். பெரும்பாலும் சின்டாக்ஸ் எரரோடு போய்விடும். ஆனால் மூடும் குறிக்குப் பின்னால் இன்னொரு கோப்பின் பெயர் இருந்தால் அந்தக் கோப்பு காலியாகலாம். புகைப்படக் கருவிக்கு இது விளையாட்டல்ல! உண்மையான ஒரு கோப்புறைப் பெயரையே எழுதி, "இந்த இடத்தில் உங்கள் கோப்புறை" என்று கீழே சொல்லுங்கள். பெயருக்குள் இடைவெளி வந்தால் மேற்கோள்குறி வேண்டும் என்பதையும் அங்கேயே சேர்த்துவிடலாம்.

நிரல்முனை:
நன்றி. முதல் பயிற்சியை அவரவர் படங்களை வைத்தே செய்யச் சொல்லலாமா?

பிழைதேடி:
வேண்டாம். மெசேஜிங் ஆப் வழியாக வந்த படங்களில் எக்ஸிஃப் தகவல் (எடுத்த தேதி போன்றவை படக்கோப்புக்குள்ளேயே பதிந்திருப்பது) பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். புதியவர் கைக்கு எட்டும் படம் அதுவாகவே இருக்கும். தேதி கிடைக்காமல் கருவி சும்மா இருக்க, பழுது என்று முடிவு கட்டிவிடுவார். எக்ஸிஃப் உள்ள மூன்று மாதிரிப் படங்களை ஜிப்பாக ரெப்போவில் (கருவியின் நிரல் இருக்கும் களஞ்சியம்) வையுங்கள். முதல் கட்டளை பெயரை மாற்றாமல், எப்படி மாறும் என்று மட்டும் காட்டட்டும். அப்படி ஒரு ட்ரை ரன் ஆப்ஷன் இல்லையென்றால் ஆவணத்துக்கு முன் அதை எழுதுங்கள்.

டெர்மினல் பாடம் நடத்த வேண்டியதில்லை, திறக்கத் தெரிந்தால் போதும். விண்டோஸ் 11-ல் கோப்புறைக்குள் ரைட் கிளிக் செய்து ஓபன் இன் டெர்மினல். கோப்புறை மாற்றும் சிடி கட்டளைக்கே வேலையில்லை. மேக்கில் கமாண்ட், ஸ்பேஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தி டெர்மினல் என்று தட்டினால் வந்துவிடும்.

ஓடைநீர்:
எழுதியதை டாக்கரில் (ஒரு தயார் இமேஜிலிருந்து புதிய, தனித்த சூழலைக் கிளப்பும் கருவி) சோதிக்கும்போது ஒரு பொறி உண்டு. அதிகாரப்பூர்வ பைத்தான் இமேஜில் பைத்தான் தனியாக நிறுவப்பட்டிருக்கும். மேலே சொன்ன பூட்டு அதில் வராது, எல்லாம் ஒழுங்காக ஓடுவதுபோலத் தெரியும். வெறும் டெபியன் 12 இமேஜில், ரீட்மீயில் இருப்பதை மட்டும் வரிவரியாக ஒட்டிப் பாருங்கள். நீங்கள் எழுத மறந்த பேக்கேஜ் எது என்று அது காட்டிக்கொடுக்கும்.

வார்த்தைக் குழப்பத்தை டாக்கர் பிடிக்காது. அதற்குக் கருவியைப் பார்த்தேயிராத ஒருவரை உட்கார வைத்துப் பின்னால் வாய்திறக்காமல் நில்லுங்கள். அவர் கை தயங்கும் வரிகளைக் குறித்துக்கொண்டு, அவற்றை மட்டும் திருத்துங்கள். "எளிதாக", "வெறுமனே" போன்ற சொற்களையும் எடுத்துவிடுங்கள். மாட்டிக்கொண்டவருக்கு அவை எரிச்சல்தான் தரும்.

இஷ்யூ டெம்ப்ளேட்டில் நான்கே கேள்வி: எந்த இயங்குதளம், கருவியின் பதிப்பு எண், தட்டிய கட்டளை, வந்த முழு வெளியீடு. ஒரே பிழை இரண்டாம் முறை வந்தால் பதிலை இஷ்யூவில் எழுதாமல் ரீட்மீயில் எழுதி இணைப்பைக் கொடுங்கள்.