தமிழ்க் குறுக்கெழுத்து: கலைந்த தகரம், எமனுக்குள் கால், கோயிலா கோவிலா?

கட்டம்நிரப்பி கேட்டது:

ஆங்கில கிரிப்டிக் புதிரின் முறை ஓரளவு தெரியும். குறிப்பின் ஒரு முனையில் விடைக்கான நேர்ப்பொருள் இருக்கும், மறுமுனையில் எழுத்து விளையாட்டு. என்ன செய்ய வேண்டும் என்று காட்ட ஒரு சொல்லும் வரும். தமிழிலும் இதே வழியில் போனால் மூன்று இடத்தில் முட்டி நிற்கிறது.

1. தகரம் ஒரு ஸ்வரத்தோடு கலந்தால் ரத்தினமாகும் (5). கலைத்துப் போட வேண்டும் என்பது புரிகிறது. மெய்யையும் உயிரையும் தனித்தனியாகப் பிரித்துக் கலைப்பதா, கட்டத்தில் விழும் எழுத்தை அப்படியே கலைப்பதா?

2. எமனுக்குள் கால் வைத்தவன் காப்பான் (4). எமனுக்கு மூன்று எழுத்து, காலுக்கு இரண்டு. கூட்டினால் ஐந்து வருகிறது. கேட்பதோ நான்கு.

3. ஆலயம் (3). கோயில், கோவில் இரண்டுமே பொருந்துகின்றன. எதை எழுதுவது?

விடையோடு, அதற்குப் போகும் வழியையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மெய்ம்மயக்கம்:

முதல் கேள்விக்கு: பிரிக்கக் கூடாது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, கலைக்கும்போதும் அதே அலகுதான். 'கை' என்றால் அது கடைசிவரை 'கை'. க்+ஐ என்று உடைத்து வேறொரு மெய்யோடு ஒட்டுகிற குறிப்புகளும் எப்போதாவது கண்ணில் படும். என் பார்வையில் அது நியாயமில்லை, கட்டத்தில் இல்லாத ஒன்றைத் தேடச் சொல்வதாகிவிடும்.

எளிய ஒன்றில் தொடங்குங்கள்: கை பல மாறி வந்த மரத்துண்டு (3). 'மாறி' என்பது செயல், 'கை பல' கலைக்க வேண்டிய எழுத்துகள். பலகை.

இப்போது தகரத்துக்கு வருவோம். கையில் இருப்பது த, க, ர, ம். ஐந்தாவது எழுத்து ஸ்வரம், அதாவது ச ரி க ம ப த நி ஏழில் ஒன்று. ஏழையும் வரிசையாகப் போட்டுப் பார்க்கும் முன் புள்ளி எழுத்தைக் கவனியுங்கள். தமிழில் புள்ளி வைத்த எழுத்து சொல்லின் முதலில் வராது. ம் நடுவில் வர வேண்டுமென்றால் அடுத்து ப, ம மாதிரி எழுத்து வேண்டும். ஆகவே முதலில் அதைக் கடைசிக் கட்டத்தில் போடுங்கள். ர தமிழ்ச் சொல்லுக்கு முதலெழுத்தாகாது (ரகசியம், ரவை மாதிரி வந்து சேர்ந்த சொற்கள் தவிர). மிஞ்சுவது த, க, அல்லது அந்த ஸ்வரம். ஸ்வரத்தை முதலில் வைத்து ச, ரி, க என்று நகர்ந்து 'ம'வுக்கு வந்ததும் மரகதம் தானாக விழுகிறது. ஐந்து எழுத்தைக் கலைத்தால் 120 வரிசை. ம் கடைசி என்று வைத்தாலே அது 24 ஆகிவிடும்.

நடுவில் புள்ளி வரும் விடைகளுக்கும் இதே கணக்கு உதவும். க், ச், த், ப் நான்கும் அடுத்து தன் இனத்தையே கேட்கும். க்-க்குப் பின் க வரிசை, த்-க்குப் பின் த வரிசை. சக்தி, சப்தம் போன்ற வடசொற்கள் விலக்கு. அதேபோல் க், ச், ட், த், ப், ற் தமிழ்ச் சொல்லின் கடைசியில் நிற்காது. கடைசிக் கட்டம் புள்ளி எழுத்து என்று தெரிந்தால் ம், ன், ல், ர், ள் இந்த ஐந்தையே முதலில் பாருங்கள். ண், ழ், ய் அதற்கப்புறம்.

பழஞ்சுவடி:

இரண்டாவது கேள்விக்கு. எமனை மாற்றுங்கள், காலையும் மாற்றுங்கள். எமன் = காலன். கால் என்பது நான்கில் ஒரு பங்கு, அதற்குத் தமிழ் எண் குறி 'வ'. காலனுக்குள் வ வைத்தால் கா-வ-ல-ன், காவலன். காப்பான் என்பது நேர்ப்பொருள்.

ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடலில் 'எட்டேகால் லட்சணமே' என்று வருகிறதே, அதே சூத்திரம்தான்: எட்டு 'அ', கால் 'வ', சேர்ந்தால் அவலட்சணம். தமிழ்ப் புதிருக்கு ஒற்றை எழுத்து தரும் பெரிய சுரங்கம் இந்த எண்கள். ஒன்று க, இரண்டு உ, மூன்று ங, நான்கு ச, ஐந்து ரு, ஏழு எ, எட்டு அ, பத்து ய. குறிப்பில் எண் தென்பட்டால் இந்தப் பட்டியலை ஓட்டிப் பாருங்கள். 'கால்' சில சமயம் அடி, தாள், பதம் ஆகவும் இருக்கும், அதனால் எழுத்து எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒளிந்திருக்கும் சொல்லையும் விட்டுவிடாதீர்கள். பாகல் விதைக்குள் படிப்பு (3). பா-கல்-வி-தை: கல்வி. இரண்டு சொல்லுக்கு நடுவில் உள்ள இடைவெளி கண்ணை ஏமாற்றும். அழித்துவிட்டு ஒரே மூச்சில் படித்தால் தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் சர்வசாதாரணமான 'திருப்பிப் போடு' வகை இங்கே அரிது. ம், ன், ல் என்று முடியும் சொல்லைத் திருப்பினால் முதலெழுத்து புள்ளியாகிவிடும். 'திரும்பி' என்று பார்த்தால் அது விடையின் ஒரு துண்டை மட்டும் திருப்புகிறது என்று எடுத்துக்கொள்வது நல்லது.

கட்டம்நிரப்பி:

மிக்க நன்றி ஐயா, இருவருக்கும். தகரம், எமன் இரண்டும் தெளிவு. கோயில் விஷயம்?

மெய்ம்மயக்கம்:

குறுக்கே வரும் சொல் தீர்மானிக்கட்டும். நடுக்கட்டத்தில் வேறு சொல் வெட்டினால் யி-யா வி-யா என்று தெரிந்துவிடும். வெட்டாவிட்டால் அந்தக் குறிப்பு குறையுள்ளது, பிழை உங்களுடையது அல்ல. பவளம், பவழம் இதே ரகம். எரிச்சலூட்டும் இன்னொரு ரகம் எண்ணிக்கையே மாறும் சொற்கள்: ஐயர் மூன்று, அய்யர் நான்கு. லட்சுமி நான்கு, லக்ஷ்மி மூன்று (க்ஷ் ஒரே எழுத்து என்று கொண்டால்). ஒற்று மிகும் இடமும் அப்படியே. கைப்பிடி நான்கு கட்டம், ப்-ஐ விட்டு எழுதினால் ஒரு கட்டம் காலியாக நிற்கும். பென்சிலால் நிரப்புங்கள், இந்தச் சொற்களின் கீழ் ஒரு சிறு புள்ளி வைத்துவிட்டு மேலே போங்கள்.

ஆனால் குறுக்கே ஓர் எழுத்து கிடைத்துவிட்டால் தமிழில் கிடைக்கும் துப்பு பெரிது. ஆங்கிலத்தில் 26-ல் ஒன்று, நமக்கு 247-ல் ஒன்று. 'ளை' என்று ஒரு கட்டம் விழுந்தால் தேட வேண்டிய சொற்கள் வெகுவாகக் குறைந்துவிடும். அந்த நொடியின் மகிழ்ச்சிக்காகவே இந்தப் பைத்தியம்.

ஒன்பதுக்குஒன்பது:

அதே 247, புதிர் அமைப்பவரின் கழுத்தைப் பிடிக்கும். 9×9 கட்டம் போட நினைப்பவர்களுக்காக இதையும் சேர்க்கிறேன்.

ஒன்றுவிட்டு ஒரு கட்டம் வெட்டும் அமைப்பில், மேல் வரிசையின் 1, 3, 5, 7, 9-ம் கட்டங்களில் கீழ்நோக்கிய சொற்கள் தொடங்கும். அங்கே புள்ளி எழுத்து விழுந்தால் அந்தச் சொல் பிறக்கவே முடியாது. ஆகவே மேல் வரிசையில் புள்ளிகள் 2, 4, 6, 8-ல் மட்டும் இருக்க வேண்டும். முதல் கட்டத்தில் தொடங்கும் காவலன் ஒத்துவரும், ன் நான்காவது கட்டத்தில் விழுகிறது. மரகதம் ஒத்துவராது, ம் ஐந்தில் விழுகிறது. இடது ஓரத்து நெடுக்குச் சொல்லுக்கும் இதே விதி. வலது ஓரமும் அடிவரிசையும் இதற்கு நேர்மாறு. ஒரே கட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சொல்லும் ம்-ல் முடியலாம், அதனால் மரகதம் போன்றவற்றுக்கு அங்கே இடம் பாருங்கள்.

நீளமான சொற்களை முதலில் வையுங்கள். கட்டம் முழுதும் நிறைந்த பிறகே குறிப்பு எழுதத் தொடங்குங்கள். அழகான குறிப்பை முதலில் எழுதிவிட்டு அதற்காகக் கட்டத்தை வளைத்தால், கடைசி மூலையில் அகராதியில் மட்டும் வாழும் சொல் வந்து உட்காரும். தீர்ப்பவருக்கு அதைவிடக் கசப்பு வேறில்லை.

குறிப்பு எழுதியதும் ஒவ்வொரு சொல்லையும் அடித்துப் பாருங்கள். 'அன்புக்குள் பத்து, விருந்தில் இனிக்கும் (4)': பாசம், உள்ளே ய, பாயசம். இதில் எடுக்க ஒரு சொல்கூட இல்லை. நேர்ப்பொருளிலும் சேராமல், எழுத்து விளையாட்டிலும் சேராமல் ஒரு சொல் தனியே நின்றால் அதை வெட்டிவிடுங்கள், அலங்காரமாக இருந்தாலும்.