நோய்க்கிருமிகள் நெருக்கடியை உணர்ந்து மாறுகின்றனவா, முன்னரே மாறியிருக்கின்றனவா? (நுண்ணோக்கி, அகர்த்தட்டு என்னும் புனைபெயர்களில் இருவர் எழுதும் விவாதம்)

நுண்ணோக்கி:
நோய்க்கிருமிகள் நெருக்கடியிலிருந்து தப்புவது மரபணுக் கட்டுப்பாட்டினால்தான், அதாவது சூழலை உணர்ந்து மரபணுக்களை இயக்குவதாலும் அடக்குவதாலும்தான், என்பது என் நிலைப்பாடு. லிஸ்டீரியா என்னும் பாக்டீரியாவில் நோயூட்டும் மரபணுக்களை முடுக்கும் பி.ஆர்.எஃப்.ஏ. புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ. (மரபணுவின் செய்முறையைச் சுமக்கும் நகல்), 30 டிகிரி செல்சியஸில் தன் முன்பகுதியை மடித்துக்கொண்டு புரதம் கட்டும் ரைபோசோமை அண்டவிடுவதில்லை; உடலின் 37 டிகிரியில் அந்த மடிப்பு அவிழ்ந்து, புரத உற்பத்தி தொடங்குகிறது. காசநோய்க் கிருமியோ ஆக்சிஜன் குறைவதை டாஸ்-எஸ், டாஸ்-டி என்னும் உணர்விகளால் அறிந்து, டாஸ்-ஆர் என்னும் கட்டுப்பாட்டுப் புரதத்தின் வழியாக ஏறத்தாழ 50 மரபணுக்களை இயக்கிப் பெருகாமல் அடங்கிக் கிடக்கிறது.

அகர்த்தட்டு:
வெப்பத்தையும் ஆக்சிஜனையும் உணர அவகாசம் உண்டு; கொல்லும் மருந்து அதைத் தருவதில்லை. 1944இல் ஜோசப் பிக்கர் என்னும் ஆய்வாளர் பெனிசிலினைக் கொடுத்துப் பார்த்தபோது ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாக் கூட்டத்தில் மிகச் சிலவே எஞ்சின. அவற்றின் வழித்தோன்றல்களோ பழையபடியே பெனிசிலினுக்கு மடிந்தன. எனவே எஞ்சியவை மரபணு மாறியவை அல்ல. 2004இல் நத்தலி பாலபான் குழுவினர் ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவின் மரபுத் திரிபுகளைத் தனித்தனிச் செல்லாகக் கண்காணித்து, தப்பியவை மருந்து வருமுன்பே வளர்ச்சி குன்றியிருந்ததைக் காட்டினர். வராத மருந்தை எந்த உணர்வி உணர்ந்தது?

நுண்ணோக்கி:
வளர்ச்சி ஏன் குன்றியது என்று கேட்க வேண்டாமா? அத்திரிபுகளுள் ஒன்றில் மாறியிருந்தது ஹிப்-ஏ மரபணு. அதன் புரதத்தை இயல்பாக ஹிப்-பி என்னும் இணைப் புரதம் அடக்கி வைக்கிறது. கட்டு தளர்ந்தால், புரதம் கட்ட அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் டி-ஆர்.என்.ஏ.வில் குளூட்டமேட் என்னும் அமினோ அமிலத்தை ஏற்றும் நொதியை ஹிப்-ஏ முடக்குகிறது. செல்லோ தான் பட்டினி கிடப்பதாகவே கொண்டு (கிருமிக்கும் ஏமாற்றம் உண்டு போலும்) பிபிஜிபிபி என்னும் பட்டினி அறிவிப்பு மூலக்கூறைக் குவித்து வளர்ச்சியை நிறுத்துகிறது. இதுவும் கட்டுப்பாடே. அவகாசமில்லை என்ற வாதமும் எல்லா மருந்துக்கும் பொருந்தாது. சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி டி.என்.ஏ.வைச் சிதைத்ததும், ரெக்-ஏ புரதத்தின் தூண்டுதலால் லெக்ஸ்-ஏ என்னும் அடக்கும் புரதம் தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. அது அடக்கியிருந்த பழுதுநீக்கும் மரபணுக்களோடு டிஸ்-பி என்னும் நச்சுப் புரதத்தின் மரபணுவும் விழித்து, ஈ.கோலை செல்களில் சிலவற்றை உறங்கச் செய்கிறது.

அகர்த்தட்டு:
சிப்ரோஃப்ளாக்சசின் எடுத்துக்காட்டை ஏற்கிறேன். ஆனால் 'சிலவற்றை' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரே மரபணுத் தொகுதி, ஒரே மருந்து, அப்படியிருந்தும் சில மட்டும் உறங்குகின்றன. கட்டுப்பாட்டின் பொறியமைவை நான் மறுக்கவில்லை. எந்தச் செல்லில் கட்டு தளரும் என்பது தற்செயல் என்கிறேன். மேலும், ஈ.கோலையை நீண்ட நாள் பட்டினி போட்டால், நெருக்கடிக் காலப் பொதுக் கட்டுப்பாட்டுப் புரதமான ஆர்.பி.ஓ.எஸ்.ஸின் செயல் குன்றிய திரிபுகளே மற்றவற்றை விஞ்சிப் பெருகுகின்றன. அங்கே அவற்றைக் காப்பது கட்டுப்பாடு அன்று, அது குலைந்ததே.