சேஜ்பிரஷ் நிலத்துச் சரளை மண்: அறிக்கை 'லோம்' என்கிறது, புல் ஏன் ஜூனிலேயே காய்கிறது?

குழி90 (கேள்வி)

வணக்கம். இடம் அமெரிக்காவின் வடக்கு நெவாடா, ஹம்போல்ட் வட்டாரம். மலையடிவாரத்து வண்டல் விசிறியின் (ஓடை அடித்து வந்த மண்ணும் கல்லும் விசிறிபோல் பரவிய இடம்) பழைய மேடு. மழையும் பனியும் சேர்ந்து ஆண்டுக்கு 250 மி.மீ. அளவு, பெரும்பகுதி குளிர்காலத்தில். வயோமிங் வகைப் பெரிய சேஜ்பிரஷ் (நம் மரிக்கொழுந்தின் பேரினமான ஆர்ட்டிமீசியாதான்), இடையிடையே தர்பர் ஊசிப்புல்.

குழியில் கண்டது: மேல் 6 செ.மீ. வெளிறிய சாம்பல் நிறம், தட்டுத்தட்டாக உரிகிறது, உடைத்தால் உள்ளே குமிழ்த் துளைகள். 6 முதல் 40 வரை பழுப்பு மண், நிறையச் சரளை. 40 முதல் 90 வரை வெளிறல், கற்களின் அடிப்பக்கம் மட்டும் வெள்ளைப் பூச்சு. 90-ல் கடப்பாரை எகிறுகிறது.

2 மி.மீ. சல்லடையில் சலித்த மண்ணை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். லோம் (மணல், வண்டல், களி கலந்த நடுத்தர மண்) என்றும், செடிக்குக் கிடைக்கும் நீர் ஒரு செ.மீ. ஆழத்துக்கு 0.16 செ.மீ. என்றும் வந்தது. 90 செ.மீ.க்குப் பெருக்கினால் 14.4 செ.மீ. நீர். அவ்வளவு இருந்தால் புல் ஜூனிலேயே காயக்கூடாது. சலித்தபோது எடையில் 55 சதவீதம் சரளை. அந்த 55-ஐ அப்படியே கழித்துவிடலாமா? அடியில் இருப்பது சுக்கான் பாறையா, வேறா? பக்கத்தில் தீப்பட்ட பகுதியில் விதைக்கும்போது ஆழம் எவ்வளவு வைப்பது?

சரளைமேடு

55-ஐக் கழிக்காதீர்கள். அது எடைக் கணக்கு. நீருக்குக் கனஅளவுக் கணக்குதான் வேண்டும். கல் கனமானது, எடையில் பாதிக்கு மேல் இருந்தாலும் இடத்தில் அவ்வளவு அடைத்துக்கொள்ளாது.

10 கிலோ உலர்ந்த மண் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரளை 5.5 கிலோ. அடர்த்தி 2.65 என்றால் 5.5 ÷ 2.65 = 2.08 லிட்டர். மீதி 4.5 கிலோ நுண்மண். அதன் பரும அடர்த்தி (துளைகளையும் சேர்த்த அடர்த்தி) 1.35 என்றால் 3.33 லிட்டர். மொத்தம் 5.41 லிட்டர், அதில் சரளை 38 சதவீதம். இனி 14.4 × 0.62 = 8.9 செ.மீ. உங்கள் நிலத்தின் உண்மையான கொள்ளளவு இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

அமெரிக்க வேளாண் துறை வகைப்பாட்டில் கனஅளவில் 15 முதல் 35 வரை 'சரளை', 35 முதல் 60 வரை 'மிகுசரளை', 60-க்கு மேல் 'அதிசரளை'. 35-ஐத் தாண்டினால் மண் குடும்பப் பெயரிலேயே 'ஸ்கெலிட்டல்' (கல் மிகுந்தது) என்ற சொல் ஏறும். 2 மி.மீ. முதல் 75 மி.மீ. வரைதான் சரளைக் கணக்கு, 250 மி.மீ. வரை உருளைக்கல், அதற்கு மேல் பெருங்கல். அவற்றைத் தனியாகப் பதிவு செய்யுங்கள்.

1.35 என்ற எண்ணை நான் ஊகமாகத்தான் போட்டேன், நீங்கள் அளக்க வேண்டும். இந்த மண்ணில் உருளைக் குழாயை அடித்து இறக்கி மாதிரி எடுக்கவே கூடாது. குழாய் விளிம்பு கல்லில் இடித்து மண்ணை நொறுக்கும், பெரிய கல் உள்ளே வராது, அடர்த்தி தப்பாக வரும். தரையைச் சமப்படுத்தி, 5 முதல் 10 லிட்டர் கொள்ளும் குழி தோண்டி, எடுத்த மண் முழுவதையும் சேமியுங்கள். குழியில் மெல்லிய பாலிதீன் தாளைச் சுவரோடு ஒட்டும்படி விரித்து, தரைமட்டம் வரை நீரை அளந்து ஊற்றினால் கனஅளவு கிடைத்துவிடும். மண்ணை 105 டிகிரி செல்சியஸில் உலர்த்திச் சலித்து, கல்லையும் நுண்மண்ணையும் தனித்தனியாக நிறுக்கவும்.

இரண்டு இடங்களில் தவறு வரும். ஒன்று, சுண்ணாம்போ சிலிக்காவோ ஒட்டிய மண்கட்டிகள் சல்லடையில் கல் மாதிரியே நிற்கும். இரவு முழுக்க நீரில் ஊறவைத்து, ரப்பர் முனை உலக்கையால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். கரைவது நுண்மண். கரையாமல், ஆனால் அழுத்தினால் நொறுங்குவதைக் கல்லோடு சேர்க்காமல் தனி வரியில் எழுதுங்கள். இன்னொன்று, அந்தப் பக்கம் எரிமலைச் சாம்பல் பாறைத் துண்டுகள் நிறைய. அவை துளை நிறைந்தவை, அடர்த்தி 2.65-ஐ விட வெகுவாகக் குறையும், கல்லே கொஞ்சம் நீரும் பிடிக்கும். ஒரு கைப்பிடி கல்லை ஊறவைத்து, மேல்நீரைத் துடைத்து, நீர் இடப்பெயர்ச்சியில் அடர்த்தி பார்த்துவிடுங்கள்.

கரிம இருப்புக் கணக்கு போடுபவர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். 30 செ.மீ. ஆழம், கரிமம் 1 சதவீதம், அடர்த்தி 1.3 என்றால் ஹெக்டேருக்கு 39 டன். 38 சதவீதச் சரளையைக் கழித்தால் 24 டன். சுண்ணாம்பு இருப்பதால், எரித்து அளக்கும் மொத்தக் கரிமத்திலிருந்து கார்பனேட்டுக் கரிமத்தையும் கழிக்க வேண்டும்.

வேர்ப்பாதை

சரளைமேடு போட்ட கணக்கு சரி. ஆனால் 8.9 என்ற எண்ணைப் பார்த்து 'மோசமான மண்' என்று முடிவு கட்டுவதை ஏற்கமாட்டேன். மழை மிகுந்த ஊரில் சரளை என்றால் நட்டம். 250 மி.மீ. ஊரில் கதை தலைகீழ்.

காய்ந்த மண்ணில் 20 மி.மீ. மழை இறங்குகிறது. சரளை இல்லாத லோமில் அது 12.5 செ.மீ. வரை நனைக்கும். உங்கள் மண்ணில் ஒரு செ.மீ.க்கு 0.1 தான் பிடிக்கும், அதனால் 20 செ.மீ. வரை போகும். வெயிலும் காற்றும் உறிஞ்சுவது பெரும்பாலும் மேல் 10 செ.மீ.யை. அதற்குக் கீழே இறங்கிய நீர் செடிக்குப் பத்திரம். சரளை கொள்ளளவைக் குறைக்கிறது, அதே நேரம் ஆவியாகும் பங்கையும் குறைக்கிறது.

இதனால் லாபம் யாருக்கு என்பதுதான் கேள்வி. புல்லின் வேர் மேல் 50 செ.மீ.க்குள் அடர்ந்து நிற்கும். உங்கள் கணக்குப்படி அந்த 50 செ.மீ.யில் 5 செ.மீ. நீர்கூட நிற்காது. பனி உருகி முடிந்த பிறகு புதிதாக எதுவும் வராது, ஜூனில் காய்வது இயல்பே. சேஜ்பிரஷுக்கு மேலேயும் வேர் உண்டு, ஆழத்திலும் உண்டு. இரவில் ஆழத்து ஈரத்தை மேல் மண்ணுக்கு ஏற்றி விடவும் செய்யும். ரிச்சர்ட்ஸ், கால்டுவெல் இருவரும் 1987-ல் இதைக் காட்டியது இதே பெரிய சேஜ்பிரஷில்தான். சரளை மேடுகளில் புல்லை விடப் புதர் ஓங்கி நிற்பதற்கு மேய்ச்சலை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது.

உங்கள் குழியில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது மேல் 6 செ.மீ. அந்தக் குமிழ்த் துளை மண் காற்றில் வந்த தூசி படிந்து உருவானது, வண்டல் துகள் (சில்ட்) மிகுதி. நனைந்து உலரும்போது உள்ளே அடைபட்ட காற்றுதான் துளையாகிறது. துளைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை, அதனால் ஓட்டை நிறைய இருந்தும் நீர் இறங்காது. மேலே தளர்ந்து கிடக்கும் சரளை நீரை உள்ளே விடும். இந்த மேல் ஓட்டுக்குள் பாதி புதைந்து நிற்கும் சரளை நீரை இறக்காமல் வழிந்தோட விடும். தரையை எத்தனை சதவீதம் சரளை மூடியிருக்கிறது என்று எழுதும்போது, கிடக்கிறதா பதிந்திருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். செடியடி மண் வேறு, செடிகளுக்கு இடையிலான வெற்றிட மண் வேறு. செடியடியில் சருகும் தளர்ந்த மண்ணும் இருப்பதால் அங்கே நீர் நன்றாக இறங்கும். இரண்டையும் ஒரே வாளியில் கலந்தால் இரண்டைப் பற்றியும் எதுவும் தெரியாது.

அரிப்புக் கணக்குக்கு மண் வரைபட அட்டவணையில் இரண்டு கே மதிப்புகள் (மண் எவ்வளவு எளிதில் அரிபடும் என்ற எண்) இருக்கும்: முழு மண்ணுக்கு ஒன்று, நுண்மண்ணுக்கு ஒன்று. சரளை மண்ணில் இவை வெகுவாக வேறுபடும். சரளை மூடாக்கைத் தனியாகக் கணக்கில் சேர்க்கிறீர்கள் என்றால் நுண்மண் மதிப்பை எடுங்கள். முழு மண் மதிப்பை எடுத்தால் சரளையை இருமுறை எண்ணியதாகிவிடும்.

குழி90

மிக்க நன்றி. எரிமலைக் கல் விஷயம் தோன்றவே இல்லை, நாளையே அடர்த்தி பார்க்கிறோம். அடித்தட்டின் மேல் அமிலம் விட்டோம், நன்றாகப் பொங்கியது. அப்படியானால் சுக்கான்தானே? 20, 50 செ.மீ.யில் ஈரப்பத உணரிகள் பதிக்கவும் எண்ணம்.

அடித்தட்டு

பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். கட்டிப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்புதான் என்று ஆகாது. முஷ்டியளவு உலர்ந்த துண்டை முதலில் நீரில் போடுங்கள். இரவுக்குள் உதிர்ந்தால் அது வெறும் இறுகல். உதிராவிட்டால் வேறொரு துண்டை 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், பொங்குவது நிற்கும் வரை அமிலத்தை மாற்றி மாற்றி ஊறவிடுங்கள். பாதிக்கு மேல் கரைந்து உதிர்ந்தால் சுண்ணாம்புத் தட்டு. பாதிக்கு மேல் அப்படியே நின்றால் சிலிக்கா பிணைத்த டியூரிபான். அது சூடான அடர் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில்தான் உதிரும்; அந்தச் சோதனையைக் கண்ணாடியும் கையுறையும் போட்டு ஆய்வகத்தில் மட்டும் செய்யுங்கள்.

நெவாடாவில் டியூரிபானுக்கே வாய்ப்பு அதிகம். எரிமலைக் கண்ணாடித் துகள் கரைந்து சிலிக்கா கொடுக்கிறது. ஓரிகானின் மசாமா மலை சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது வந்த சாம்பலும் அந்தப் பக்கம் படிந்திருக்கிறது. தட்டு அதைவிட வெகு பழையதாக இருக்கும்.

கல்லின் அடியில் மட்டும் பூச்சு என்பது முதல் கட்டச் சுண்ணாம்புச் சேர்க்கை. இறங்கும் நீர் கல்லடியில் தொங்கி நின்று, அங்கேயே காய்ந்து விட்டுப் போனது. பூச்சு மேல்பக்கம் பார்த்திருக்கும் கற்கள் கிடைத்தால் அந்த இடம் புரட்டப்பட்டது, அங்கே மாதிரி எடுக்காதீர்கள்.

உணரியின் ஊசியைச் சரளையில் அடித்தால் ஊசி விரியும் அல்லது பக்கத்தில் காற்றிடைவெளி விழும். இடைவெளி விழுந்தால் ஈரம் குறைவாகவே காட்டும். குழிச் சுவரில் கையளவு பொந்து குடைந்து, அதே அடுக்கின் சலித்த மண்ணைக் குழைத்து அடைத்து, அதில் உணரியைப் பதியுங்கள். அது நுண்மண்ணின் ஈரத்தைக் காட்டும். முழு மண்ணுக்கு 0.62-ஆல் பெருக்க வேண்டும். ஒரு குளிர்காலம் கடந்து மண் படிந்த பிறகான அளவீட்டை மட்டும் நம்புங்கள்.

விதைப்புக்கு: சேஜ்பிரஷ் விதை மிகச் சிறியது. தரைமேல் தூவி உருளையால் அழுத்தினால் போதும், 3 மி.மீ.க்குக் கீழே போனால் பெரும்பாலும் வெளிவராது. கொத்துப் புற்களுக்கு 6 முதல் 12 மி.மீ. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுத் துளைவிதைப்பானை ஓட்டினால் சேஜ்பிரஷ் புதைந்துபோகும். சேஜ்பிரஷ் பெட்டியின் விதைக்குழாயைக் கழற்றி விதையைத் தரையில் விழவிடுங்கள். கல்லில் ஏறிக் குதிக்கும் விதைப்பானில் ஆழக்கட்டுப்பாட்டு வளையம் கட்டாயம், வேகத்தையும் குறையுங்கள். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பருக்குள் முடித்துவிடுங்கள். சேஜ்பிரஷ் விதை சேமிப்பில் சீக்கிரம் உயிரிழக்கும், முளைப்புச் சோதனை இல்லாத பழைய மூட்டையை வாங்காதீர்கள். தட்டை உடைக்கிறேன் என்று ஆழமாகக் கீறவும் வேண்டாம். சுண்ணாம்புக் கல் மேலே வரும், கிளறிய கோட்டில் முதலில் வருவது சீட்கிராஸ் என்ற அந்நியக் களைப்புல்தான்.