ஒரே டிவி, ரெண்டு ஜாய்ஸ்டிக்: கார் ரேஸில் உங்களை இன்னும் விடாத ஒரு ஆட்டம் எது? ஆளுக்கொன்று எழுதுங்கள்

செல்லூர்வாசி

சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்த பிஎஸ்2 (டிவியில் மாட்டி ஆடும் பிளேஸ்டேஷன் 2) கடை, 2007 வாக்கில். மணிக்கு 20 ரூபாய். அந்தக் கடைகள் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கிரான் டூரிஸ்மோ 4, திரையை மேலும் கீழுமாகப் பிரித்து ரெண்டு பேர். முதல் ஜாய்ஸ்டிக் எப்போதும் எனக்கு. ரெண்டாவது, எவன் வந்தாலும் அவனுக்கு.

ஒரு சாயங்காலம் காக்கிச் சட்டையோடு ஓர் ஆட்டோக்கார அண்ணன் தன் மகனைத் தேடி வந்தார். பையன் "இந்த ஒரு ரேஸ் மட்டும்ப்பா" என்று கெஞ்ச, "எந்திரி, அப்படி என்னதான் இருக்குன்னு பாப்போம்" என்று அவரே உட்கார்ந்துவிட்டார். எது ஆக்ஸிலேட்டர், எது பிரேக் என்று பையன் காட்டினான். முதல் சுற்று முழுக்கச் சுவரோடு உரசிக்கொண்டே வந்தார். அடுத்த சுற்றில் உரசவில்லை. ஆனாலும் நேர் ரோட்டில் நான் விலகிப் போய்க்கொண்டே இருந்தேன், ரெண்டு பேருக்கும் ஒரே கார்.

ரேஸ் முடிந்ததும் ஜாய்ஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது முழுசா இழுக்கல. முக்கால்தான் குடுக்குது. மாத்திக் குடு." கடைக்காரர் சிரித்தார். மாற்றிக்கொண்டோம். அடுத்த ரேஸில் நேர் ரோட்டில் பின்தங்கியது என் கார்.

அந்த ரெண்டாவது ஜாய்ஸ்டிக்கில் தோற்றவன் எல்லாம் ஆடத் தெரியாதவன் என்றுதான் கடையே நம்பிக்கொண்டிருந்தது. அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? ஆட்டோ ஓட்டுகிறவர், அதனால்தான் என்று சொல்லாதீர்கள். லோடு வேன் ஓட்டுகிறவர்கள்கூட அங்கே வந்து தோற்றுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள்.

திருமங்கலம் தம்பி

உங்களுக்காவது ஜாய்ஸ்டிக் இருந்தது. எங்கள் வீட்டில் ஒரே கீபோர்டு, அதில் ரெண்டு பேர், நீட் ஃபார் ஸ்பீட் 2 எஸ்இ. மாமா பையனுக்கு அம்புக்குறிகளும் வலது ஷிஃப்டும். எனக்கு இடது பக்க எழுத்துகள். தோள் இடிக்கும்.

கடைசி வளைவு, நான்தான் முன்னால். திருப்புகிறேன், கார் திரும்ப மாட்டேன் என்கிறது. அவன் ஒரு விரலை எடுத்தால் திரும்புகிறது, வைத்தால் மறுபடி நிற்கிறது. அந்த நேரம் பார்த்து 'கீங்' என்று ஒரு சத்தம். கேம் அப்படியே கீழே போய்விட்டு ஒரு பெட்டி மட்டும் திரையில் நிற்கிறது, ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று. ஷிஃப்டைத் தொடர்ந்து தட்டினால் வருவது அது, தட்டு தட்டு என்று தட்டியவன் அவன். ஆனால் அவன் சொன்னது, "தோக்கப் போறன்னு தெரிஞ்சு நீதான்டா எதையோ அமுக்குன."

இப்போது அவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கின்றன. போன வருஷம் குலசாமி கோயில் கிடா வெட்டில், பந்தியில் எல்லார் முன்னாலும் மறுபடி அதே பேச்சு. இலையில் கறி இருக்கும்போது எழுந்து போகவும் முடியாது. அந்த ஸ்டிக்கி கீஸ் கண்டுபிடித்த ஆள் மட்டும் கையில் கிடைத்தால் தெரியும்.

டவுன்ஹால் ரோடு ரிப்பேர்

செல்லூர்வாசி, உங்கள் கதையில் மந்திரம் ஒன்றும் இல்லை. பிஎஸ்2-ன் ஜாய்ஸ்டிக்கான டூயல்ஷாக் 2-ல் பட்டனை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதையும் சேர்த்து அளக்கும். பட்டனுக்கு அடியில் கார்பன் பூசிய ரப்பர் இருக்கிறது. அழுத்த அழுத்த அது படிகிற இடம் அகலமாகும், மின்தடை குறையும். கிரான் டூரிஸ்மோ மாதிரி கேமில் அதுதான் ஆக்ஸிலேட்டர் அளவு. கடை ஜாய்ஸ்டிக்கில் அந்த எக்ஸ் பட்டன் ரப்பர் தேய்ந்திருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் முக்கால்தான். அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

ஒன்று கவனியுங்கள், அது டூப்ளிகேட்டாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. டூப்ளிகேட்டில் பெரும்பாலும் இந்த அளவே கிடையாது, தொட்டால் முழுசு, விட்டால் பூஜ்யம். ஆக ஒரிஜினல் ஜாய்ஸ்டிக் பழசானதால் வந்த வினை. ஆட்டோக்காரர் அதைக் காதில்தான் பிடித்திருப்பார். ரெண்டு காரின் இஞ்சின் சத்தமும் ஒரே ஸ்பீக்கரில் வரும், தன்னுடையது மட்டும் உச்சிக்கு ஏறாமல் அடங்கிக் கிடந்தால் வண்டி ஓட்டுகிறவனுக்கு உறைக்கும். உங்கள் வேன்காரர்கள் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். இன்னொன்று, ஆக்ஸிலேட்டரை வலது குச்சிக்கு (கட்டைவிரலால் தள்ளுவது) மாற்றியிருந்தால் அன்றைக்கே பிரச்சினை தீர்ந்திருக்கும்.

என்னை விடாமல் இருப்பது வேறு. ஓர் அம்மா ரெண்டு ஜாய்ஸ்டிக்கைத் துணிப்பையில் போட்டுக் கடைக்கு வந்தார். ஒன்று நல்லது. இன்னொன்றின் குச்சி தானாக இடது பக்கம் இழுக்கிறது. உள்ளே குச்சியின் நகர்வை அளக்கிற பொட்டென்ஷியோமீட்டரை மாற்ற வேண்டும், ஆகும் செலவைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவ்வளவு வேணாம் தம்பி. நல்லா இருக்குறதையும் இதே மாதிரி இழுக்க வச்சுக் குடுங்க. ரெண்டு பயலும் ஒரே மாதிரி ஓட்டட்டும், சண்டை நிக்கும்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எத்தனையோ விதமான ரிப்பேர் பார்த்திருக்கிறேன், இப்படி யாரும் கேட்டதில்லை.

அண்ணாநகர் மதினி

அந்த அம்மா கேட்டதில் தப்பே இல்லை. கடைசியில் என்ன செய்தீர்கள் என்று சொல்லவே இல்லையே?

எங்கள் வீட்டில் நடந்தது இது. எதிர்சேவைக்குக் கிளம்ப வெயில் தாழட்டும் என்று எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தோம். கொழுந்தன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் பெட்டியில் பிள்ளைகள் மரியோ கார்ட் 8 டீலக்ஸ் போட்டிருந்தார்கள். நாலாவது ஆள் இல்லை. அத்தையை, அதாவது பிள்ளைகளுக்கு அப்பத்தாவை, இழுத்து உட்கார வைத்தார்கள். அதன் சின்ன ஜாய்ஸ்டிக்கான ஜாய்கானை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வளைவு வந்தால் உடம்போடு சாய்ந்து, "ஏய் தள்ளுடா, ஏய் தள்ளு" என்று சத்தம் போட்டபடி ஓட்டினார். கேமே ஓட்டுகிற கார்களையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரில் ஆறாவதாக வந்தார். என் மகன் எட்டாவது.

அவன் பொறுப்பானா? திரையில் மூக்கு முட்டுகிற அளவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "அப்பத்தா வண்டில ஏரியல் இருக்கு! அது தானா ஓடுது!" என்று கத்தினான். அத்தை கையில் இருந்ததைப் பார்த்தார். "அப்ப இம்புட்டு நேரம் நான் ஓட்டலையாடா?"

அதை எடுத்துவிடச் சொன்னார். அடுத்த ரேஸில் பள்ளத்தில் விழுந்து விழுந்து கடைசியாக வந்தார். "சரி, போதும்" என்று பானகம் கரைக்கப் போய்விட்டார். இப்போது பிள்ளைகள் கூப்பிட்டால், "எனக்கெதுக்கு, ஏரியலை மாட்டி விடுங்க, அதுவா ஓடும்" என்கிறார். கேலியாகச் சொல்கிறாரா, மனத்தாங்கலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அவரிடம் கேட்கவும் ஒரு மாதிரி இருக்கிறது.

திருநகர் பிசி

மதினி, உங்கள் மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அவன் சொன்னது பாதிதான் சரி. அதன் பெயர் ஸ்மார்ட் ஸ்டியரிங். புது ஆளுக்கு அது தானாகவே ஆனில் இருக்கும், வண்டிப் பின்னால் ஆன்டெனா தெரிவது அதற்கான அடையாளம். ரோட்டை விட்டு விழாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அது ஆனில் இருந்தால் புல்வெளிக் குறுக்கு வழியில் போக விடாது, ட்ரிஃப்டில், அதாவது வளைவில் சறுக்கி ஓட்டும்போது, கடைசியாக வருகிற, கூடுதல் வேகம் தரும் ஊதாப் பொறியும் கிடைக்காது. ஆக்ஸிலேட்டரைத் தானாக அழுத்துவது தனி செட்டிங், அதை வேறு யாராவது ஆன் செய்தால்தான் உண்டு. சாமான் எடுத்தது, ஆமை ஓடு எறிந்தது எல்லாம் உங்கள் அத்தைதான். ஆறாவது இடம் அவர் சம்பாதித்தது.

திருமங்கலம் தம்பி, கார் திரும்பாததற்கு உங்கள் மாமா பையன் காரணமில்லை. சாதாரணக் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் தனி வயர் கிடையாது, குறுக்கும் நெடுக்குமான கட்டம்தான். சில மூன்று கீகளைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவதை அது பதிவு செய்யாது. ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் மாதிரி கீகளுக்குப் பொதுவாக இந்தத் தகராறு வராது, அதனால் ஆளுக்கு ரெண்டு வேலையை அவற்றில் போட்டிருக்கலாம்.

இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்கு, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். விலை குறைந்த யுஎஸ்பி ஜாய்ஸ்டிக்கில் நடுவில் அனலாக் அல்லது மோடு என்று ஒரு பட்டன் இருக்கும். அந்த விளக்கு எரியாவிட்டால் குச்சி வெறும் அம்புக்குறியாகத்தான் வேலை செய்யும், ஸ்டியரிங் முழு இடது அல்லது முழு வலது. பாதிப் பேர் "கார் வழுக்குது" என்று புலம்புவது இதனால்தான். விண்டோஸில் ரன் போய் ஜாய் டாட் சிபிஎல் (joy.cpl) என்று அடித்தால் எந்த அச்சு, அதாவது குச்சியோ ட்ரிக்கரோ நகரும் திசை, எவ்வளவு நகர்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், முதலில் அதைச் செய்யுங்கள். எக்ஸ்பாக்ஸ் ஜாய்ஸ்டிக்கை, டைரக்ட்இன்புட் என்ற பழைய முறையில் ஜாய்ஸ்டிக்கைப் படிக்கிற கேமில் போட்டால் ரெண்டு ட்ரிக்கரும் ஒரே அச்சாகத் தெரியும். ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும். புது கேம்கள் எக்ஸ்இன்புட் என்ற அடுத்த முறையைக் கேட்கும், அதில் நாலு ஜாய்ஸ்டிக் வரைதான். உங்களுடையது பழைய வகை என்றால் ஸ்டீம் என்ற கேம் விற்கும் செயலியில் இருக்கிற ஸ்டீம் இன்புட் மூலம் எக்ஸ்பாக்ஸ் மாதிரி காட்டிக்கொள்ளலாம். குச்சி இழுத்தால் டெட்ஜோனை, அதாவது குச்சியின் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத அளவை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், விரலை எடுத்ததும் கார் நேராகப் போகிற இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் ஸ்டியரிங் மரத்துப்போகும். அந்தத் துணிப்பை அம்மாவுக்கு இந்த ஒரு செட்டிங்கே போதுமாக இருந்திருக்கும், காசே ஆகியிருக்காது.

வாங்குவதற்கு முன் ஒரே டிவியில் ரெண்டு பேர் ஆட முடியுமா என்று பாருங்கள். போர்ஸா ஹொரைசன் 5-ல் அது கிடையாது. கிரான் டூரிஸ்மோ 7-ல் உண்டு, 2023 நவம்பர் அப்டேட்டுக்குப் பிறகு பிஎஸ்5-ல் நாலு பேர் வரை.

என் அனுபவம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஹாஸ்டலில் எல்லாருக்கும் செட் பண்ணிக் கொடுப்பேன், பண்ணி முடிப்பதற்குள் மெஸ் மணி அடித்துவிடும். நான் ஆடியது குறைவு.

உசிலை

ஹாஸ்டல்காரருக்கு ஒரு கும்பிடு. மதினி கேட்டது அத்தை மனசைப் பற்றி, நீங்கள் ஊதாப் பொறியில் போய் நிற்கிறீர்கள்.

ஸ்டிக்கி கீஸ் கண்டுபிடித்தவரை அடிக்கத் தேடுகிற தம்பிக்கு: ஷிஃப்டையும் இன்னொரு கீயையும் சேர்த்து அழுத்த முடியாதவர்கள், ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துவதற்காக வந்தது அது. ஒரு கையால் டைப் செய்கிறவருக்கு அது இல்லாவிட்டால் வேலை ஓடாது. எனக்கு இது தெரிந்ததே ஓர் ஆளால்தான்.

எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிஎஸ்3 கடை இருந்தது. ஒரு அண்ணன் வருவார், வலது கை முழங்கைக்குக் கீழே கிடையாது. ஜாய்ஸ்டிக்கைத் தொடையிடுக்கில் செருகிக்கொள்வார். முதல் நாள் கடைக்காரர் "அண்ணே, வேற கேம் போடவா?" என்று இழுத்தார். "ஆப்ஷனைத் திற, நானே மாத்திக்கிறேன்" என்றார். ஆக்ஸிலேட்டர் எல்1, பிரேக் எல்2 (ரெண்டும் இடது மேல்விளிம்புப் பட்டன்கள்), ஸ்டியரிங் இடது குச்சி. எல்லாம் ஒரே கையில்.

நன்றாகவே ஓட்டினார், ஆனால் ஜெயிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பயல் ஒருவன், நல்லெண்ணத்தில்தான், "ஒரு கையாலயே இவ்வளவா!" என்று மெச்சினான். அண்ணன் அவனைப் பார்த்து, "சரி தம்பி, நீயும் இதே செட்டிங்ல வா. வலது கையை முதுகுக்குப் பின்னால வச்சுக்க" என்றார். கடை முழுக்க ஒவ்வொருத்தனாக உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். முதல் வளைவிலேயே பிரேக்குக்கு விரல் போனால் ஆக்ஸிலேட்டர் விடுபடுகிறது, ரெண்டையும் பார்த்தால் குச்சி நழுவுகிறது. மதில் மதிலாக முட்டினோம். அவர் வாயில் பாக்கைப் போட்டுக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவரைத் தாண்ட ஆளில்லை.

இப்போது எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் என்று 2018-ல் இருந்தே விற்கிறார்கள், பெரிய பட்டன், தேவைப்பட்டதை வெளியிலிருந்து சொருகிக்கொள்ளலாம். பிஎஸ்5-க்கும் ஆக்சஸ் கன்ட்ரோலர் வந்துவிட்டது. அவற்றின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும். அவர் இதைத் தொட்டிருப்பாரா, "எதுக்கு, எல்1 இருக்குல்ல" என்றிருப்பாரா?

திருமங்கலம் தம்பி

சரிங்கண்ணே, அவரை அடிக்கவில்லை. மாமா பையனை மட்டும்.

மேலூர்க்காரி

எனக்கு ஒரு தீர்ப்பு வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் ஷார்ஜாவில். ஸ்டீமில் ரிமோட் பிளே டுகெதர் போட்டு ஹாட் வீல்ஸ் அன்லீஷ்டு ஆடுவோம். கேம் என் கம்ப்யூட்டரில்தான் ஓடும், அவனுக்கு என் திரை வீடியோவாகப் போகும், அவன் அமுக்குவது திரும்பி இங்கே வரும். பாதித் திரை எனக்கு, பாதி அவனுக்கு. தாமதம் அவனுக்குத்தான், அதனால் நான் ஜெயித்தால் "லேக்கு", அவன் ஜெயித்தால் திறமை.

கடைசிச் சுற்று, கோட்டுக்கு ஒரு முழம். கரண்ட் போய்விட்டது. எங்கள் பக்கம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இன்வெர்ட்டரில் ரவுட்டர் மட்டும் இருக்கிறது, கம்ப்யூட்டர் செத்துவிட்டது. இருட்டில் போன் வருகிறது: "நான் முன்னாடி இருக்கேன், படம் நிக்குது பாரு" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறான். அதில் அவன் கார் மூக்களவு முன்னால்தான்.

ஆனால் அவனுக்குப் போகிற படம் எப்போதும் கொஞ்சம் பழசுதானே? அவனிடம் உறைந்து நிற்பது, என் திரையில் கரண்ட் போன நொடிக்கு முந்தைய காட்சி. அதற்குப் பிறகு நான் பூஸ்ட் போட்டேன், அவன் காரைத் தாண்டினேன், என் கண்ணால் பார்த்தேன். அம்மாவோ "அவன்கிட்டதான படம் இருக்கு" என்கிறார்.

டவுன்ஹால் ரோடு ரிப்பேர்

படம் அவனிடம், கம்ப்யூட்டர் உன்னிடம். கம்ப்யூட்டரில் நடந்ததுதான் ரேஸ். நீ சொல்வதே சரி. மதினிக்கு: அந்த அம்மாவின் ஜாய்ஸ்டிக்கை ரிப்பேர் பார்த்தேன், பாதிக் காசுதான் வாங்கினேன்.

திருமங்கலம் தம்பி

கோட்டைத் தாண்டாமல் யாருக்கும் வெற்றி கிடையாது. ரேஸ் செல்லாது. இதைத்தான் நானும் பந்தியில் சொன்னேன், எவன் கேட்டான்.